சேலை அறுக்கும் வரை

அம்சவேணியின் கூடத்தில் ஒரு மர அலமாரி இருந்தது. பதினேழு வீட்டுப் போன்கள் அதில் பெயர் எழுதிய சின்னத் துணிப்பைகளுக்குள் படுத்துக் கிடந்தன. எல்லாவற்றின் வாயையும் அடைத்தாயிற்று. யாருக்காவது அழைப்பு வந்தால் பையோடு சேர்ந்து லேசாக நடுங்கும், அவ்வளவுதான். அம்சவேணி எடுத்துப் பேசுவாள். அந்த நெசவுத் தெருவுக்கு வருகிற கல்யாணச் சேதி, காய்ச்சல் சேதி, கடைசி மூச்சு, எல்லாம் முதலில் அவள் காதில் விழும். பிறகு அவள் நோட்டில் ஏறும். உரியவர் தறியிலிருந்து சேலையை அறுத்து, அதற்குச் சான்று முத்திரை விழுந்த பிறகுதான் உரியவருக்குப் போய்ச் சேரும்.

சங்கத்தில் இந்த வேலைக்கு 'செய்தி காப்பாளர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் என்னவோ கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கத்திரிக்காய் வாங்கப் போனால்கூட, தெருவில் பாதிப் பேர் அவள் முகத்தைத் துருவிப் பார்த்தார்கள். மீதிப் பேர் பார்க்கப் பயந்து திரும்பிக்கொண்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு ஞானவேலின் பை நடுங்கியது. சேலத்திலிருந்து அவருடைய மருமகன் கோகுல்.

"மாமா போன்தானுங்களே?"

"ஆமாப்பா. நான் அம்சவேணி, செய்தி பாக்கறவ. சொல்லு."

"புள்ள பொறந்துச்சுங்கக்கா. நாலு மணிக்கு. பொம்பளப் புள்ள."

அவள் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள். அவன் பின்னால் யாரோ ஒரு பெண் அடித்தொண்டையில் அழுவது கேட்டது.

"நித்திலா எப்படிப்பா இருக்கா?"

"ரத்தம் நிக்கலீங்கக்கா. அஞ்சே முக்காலுக்குப் போயிட்டா."

பேனா நோட்டின் மேல் அப்படியே நின்றது. நித்திலா பாவாடை கட்டித் தெருவில் ஓடிய காலத்திலிருந்தே அம்சவேணிக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன் வளைகாப்பு நாள் குறிக்க வந்தபோது, இந்த அலமாரியைத் திறந்து பார்த்து, "அக்கா, இதுல யார் யார் தலையெழுத்து இருக்குது?" என்று கேட்டுச் சிரித்தவள் அவள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது ஊரறிந்த வழக்கம். ஆனால் நித்திலா வரவில்லை. ஞானவேலின் தறியில் முகூர்த்தச் சேலைக்குப் பாவு நூல் ஏறியிருந்தது. வலி எடுத்துப் பெண் கத்தினால் தறியில் இருக்கிற கை சும்மா இருக்குமா? அதனால் இப்போதெல்லாம் அந்தத் தெருப் பெண்கள் மாமியார் வீட்டில்தான் பிள்ளை பெற்றார்கள். ஞானவேலின் மனைவி ஹேமாவதி பத்து நாளுக்கு முன் சேலம் போய் மகள் பக்கத்தில் இருந்தாள். அவளைத் தறியிலிருந்து விடுவிக்கவே சங்கத்தில் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு நல்ல காரியத்திலிருந்துதான் வந்தது. எட்டு வருடத்துக்கு முன், எங்கோ விசைத்தறியில் ஓட்டிய சேலையெல்லாம் இந்த ஊர்ப் பெயரைப் போட்டுக்கொண்டு கடை கடையாக விற்றன. இவர்கள் கையால் நெய்தது மூலையில் கிடந்தது. அப்போது ஒரு அதிகாரி சங்கக் கட்டிடத்தில் கூட்டம் போட்டுச் சொன்னார்.

"ஒவ்வொரு இழைக்கும் பலகையை இழுத்து அடிக்கிறீங்க இல்லையா? அந்த அடி ஆளுக்கு ஆள் வேற. உங்க ரேகை மாதிரி. இந்தக் கருவி இழை இழையா எண்ணி, இது இந்த ஊர்ல, இந்தக் கை நெய்த சேலைதான்னு சொல்லிடும். இனிமே ஒருத்தன் உங்க பேரைத் திருட முடியாது."

எல்லோரும் கைதட்டினார்கள். அம்சவேணியும் தட்டினாள். ஒவ்வொருவராகப் போய் நாலு விரற்கடை நெய்து காட்டித் தங்கள் கையைப் பதிவு செய்துகொண்டார்கள். போலிச் சேலை மூன்றே மாதத்தில் ஒழிந்துபோனது. சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்தக் கருவியின் படத்தை மாட்டிய வீடுகள்கூட உண்டு.

அப்புறம் ஞானவேலின் தம்பி லாரியில் அடிபட்டு இறந்தார். அந்த வாரம் ஞானவேல் நெய்த சேலையில் இரண்டு முழத்துக்குக் கை மாறித் தெரிகிறது என்றது கருவி. அதிகாரிகள் விசாரித்தார்கள். கை அதே கைதான், துக்கத்தில் இருந்திருக்கிறது என்று எழுதி வைத்தார்கள். எழுதியது எப்படியோ வாங்கியவர்கள் கண்ணில் பட்டது. சாவு நெய்த சேலையைக் கட்டிக்கொண்டு எங்கள் பெண் மணையில் உட்காருவாளா என்று அவர்கள் கேட்டார்கள். கேட்டது ஒரு குடும்பம்தான். ஆனால் அந்தக் கேள்வி காதில் விழுந்த பிறகு யாரால் சும்மா இருக்க முடியும்? அடுத்த வருடம் சான்றிதழில் ஒரு கட்டம் கூடியது. வெள்ளை என்றால் அமைதி. மஞ்சள் என்றால் மகிழ்ச்சி, அதுவும் அளவோடு. சிவப்பு என்றால் துக்கம். முதல் சிவப்புக்கு எச்சரிக்கை. இரண்டாவது சிவப்புக்குக் கை நீக்கம். ஞானவேலின் அந்தப் பழைய சேலையே அவருக்கு முதல் சிவப்பாக ஏறியது.

கை நீக்கம் என்றால் என்ன என்று அம்சவேணிக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அவள் புருஷன் கை நீக்கப்பட்டவர். பட்டியல் எல்லா ஊருக்கும் போகும், எந்தத் தறியும் அவரைச் சேர்க்காது. இப்போது ஒரு கார் கம்பெனி வாசலில் சீருடை போட்டுக்கொண்டு, வருகிற போகிற வண்டிக்குத் தடுப்புக் கம்பு தூக்குகிறார். வீட்டுக்கு வந்தால் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்காருகிறார்.

நோட்டில் ஒன்றும் எழுதாமல் அம்சவேணி சங்கச் செயலாளர் தனசேகருக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். நல்ல மனுஷன். விதிமுறைப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நல்லவராக இருப்பவர்.

"சேலை எவ்ளோ பாக்கி?"

"ஒன்றரை முழம். நாளைக்கு மதியம் அறுத்துடலாம்."

"அப்ப நாளைக்கு மதியம் வரைக்கும் சொல்லாத. அறுத்துக்கினு நேரா சான்று நிலையத்துக்குப் போகட்டும். அங்க கை கொடுத்து முத்திரை விழுந்ததும் சொல்லிடு. வாசல்ல கார் ரெடியா நிக்கும்."

"அவரு பொண்ணு, தனசேகர். ஒரே பொண்ணு."

"அவருக்கு ஏற்கெனவே ஒரு சிவப்பு இருக்குது. அத நீ யோசிச்சியா?"

போன் மறுபடி நடுங்கியது. இந்த முறை ஹேமாவதி. குரல் தேய்ந்துபோயிருந்தது.

"அம்சா, அவருகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லக்கா. நீங்க சொன்னா இப்பவே போய்ச் சொல்றேன். சட்டம் கிடக்குது."

அந்தப் பக்கம் ஒரு பச்சைக் குழந்தை அழும் சத்தம் மட்டும் வந்தது.

"வேணாம். அந்தக் கையும் போச்சுன்னா இந்தப் பச்ச மண்ண எத வெச்சு வளக்கறது? ஆனா ஒண்ணு. அவரு மூஞ்சியப் பாக்காம எம் பொண்ண எடுக்கக் கூடாது. வியாழக்கெழம காலைல பத்து மணி வரைக்கும்தான் ஐஸ் பொட்டில வெப்போம்ங்கறாங்க. நீதான் கொண்டாந்து சேக்கணும்."

அம்சவேணி சரி என்றாள். அவள் சொன்ன வார்த்தைகளிலேயே கனமான வார்த்தை அதுதான். அதைச் சுமந்துகொண்டு எழுந்தாள்.

ஆனால் அடுத்த சிக்கல் காத்திருந்தது. கோர்வைச் சேலையை ஒற்றை ஆள் நெய்ய முடியாது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நெய்பவர் உடலுக்கான நாடாவை, அதாவது நூல் சுற்றிய கட்டையை, பாவுக்கு ஊடே விட, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு ஆள் கரை நாடாவை விட வேண்டும். இரண்டு இழையும் நடுவழியில் ஒன்றையொன்று பிடித்துத் திரும்பும். ஹேமாவதி போனதிலிருந்து அவள் தங்கை கோகிலாதான் ஞானவேலுக்குக் கரை போட்டாள். கோகிலாவின் புருஷன் தறிக்காரன் இல்லை, அவன் போன் அலமாரிக்கு வரவில்லை; துக்கச் சேதி அவனுக்கு நேராகவே போய்விட்டது. அவன் கண் வீங்கி வந்து நின்றான். தனசேகர் அவன் முகத்தைக் கழுவச் சொல்லி, பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுக்கிறார்கள் என்று சொல்லி மனைவியை அழைத்துப் போகும்படி அனுப்பி வைத்தார். அவளைத் தறியில் வைத்துக்கொண்டு மறைக்க முடியாது. சொல்லிவிட்டால் அவளால் அழாமல் இருக்க முடியாது.

"இப்ப கரை போட யாரு?" என்றாள் அம்சவேணி.

தனசேகர் அவளையே பார்த்தார்.

"நானா? எனக்குத் தெரியுமே. நான் எப்படி உக்காருவேன்?"

"அதுக்கென்ன? கரை போடறவங்க கையை யாரு பாக்கறா? பதிவுல அவங்க பேரே கிடையாது. வேற வீட்டுக்காரங்க யாரும் அவங்கவங்க தறிய வுட்டுட்டு வர முடியாது. தறி நின்னுபோச்சுன்னா வியாழக்கெழம பத்து மணி என்னாவும்?"

அதுவரை எந்தச் செய்தி காப்பாளரும் தறியில் உட்கார்ந்ததில்லை. உட்காரக் கூடாது என்று விதியும் இல்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஞானவேல் தறிக்குழியில் காலை விட்டு, கோகிலா போன வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, ஒல்லி, காதோரம் மட்டும் நரை. பட்டின் அரக்கு நிறம் அவர் கன்னத்தில் விழுந்து அவரைக் கொஞ்சம் இளமையாகக் காட்டியது.

"என்ன அம்சா, நீ வந்திருக்க?"

"கோகிலா வர்ற வரைக்கும் நான் போடறேன்ணா. கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பாவுக்குப் போட்டிருக்கேன்."

அவர் அவள் முகத்தை ஊன்றிப் பார்த்தார். அவள் வரும்போதே தண்ணீர் அடித்துத் துடைத்து, மஞ்சள் பூசி, பொட்டைப் புதிதாக வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். அது தப்பாகப் போய்விட்டது. ஞானவேலின் முகம் மெல்ல விரிந்தது.

"பொறந்துடுச்சு, அதான?"

அவள் கரை நாடாவைக் கையில் எடுத்தாள்.

"சட்டம் சட்டம்னு நீ வாய மூடிக்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பொட்டெல்லாம் வெச்சிக்கினு, நோட்டுக்காரம்மா நேரா தறிக்கே வந்து உக்கார்றான்னா வேற என்னவாம்? பேரனா பேத்தியான்னு மட்டும் சொல்லிடாத. அறுத்தப்புறம் கேட்டுக்கறேன்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பின் எதற்கு வந்தாய் என்று அவர் யோசிக்க ஆரம்பிப்பார். யோசனை கைக்குப் போகும். அதனால் அம்சவேணி சிரித்தாள். தன் வாழ்நாளில் செய்த பாவங்களில் அந்தச் சிரிப்புதான் பெரிது என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்தது.

அவர் உடல் நாடாவை விட்டார். அவள் பச்சைக் கரை நாடாவை விட்டாள். அரக்கும் பச்சையும் பிடித்துக்கொண்டு திரும்பின. பலகை வந்து அடித்தது. மறுபடியும் நாடா, மறுபடியும் அடி. சீக்கிரம் என்று அவள் சொல்ல முடியாது, அவசரமும் கருவிக்குத் தெரியும். சுவரில் கடிகாரம் கிடையாது, அதை எடுத்து நாலு வருடம் ஆகிறது. வாசலில் வெயில் ஏறுவதைப் பார்த்து, சேலத்தில் ஐஸ் பெட்டியைச் சுற்றி இப்போது யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இழுத்துப் புடிக்காத அம்சா. தளர வுடு. உன் இழை ரொம்ப இறுகுது."

"பழக்கம் விட்டுப்போச்சுண்ணா."

"நித்திலாவும் அப்படித்தான் இறுக்குவா. எட்டாவது படிக்கறப்ப லீவுல உக்கார வெச்சேன். ஏம்ப்பா, இந்த ரெண்டு நூலும் சண்டை போட்டுக்கினு கட்டிப் புடிச்சிக்குதா, இல்ல கட்டிப் புடிச்சிக்கினு சண்டை போடுதான்னு கேட்டா. கழுதைக்குக் கேள்வி கேக்கத்தான் தெரியும். தாய்வீட்ல வந்து பெத்துக்க முடியலன்னு அவளுக்கு உள்ளுக்குள்ள கோபம். அறுத்ததும் போய் சமாதானம் பண்ணணும். என்ன வாங்கிக்கினு போலாம், சொல்லு."

"எது வாங்கினாலும் சரிண்ணா."

"வெள்ளிக் கொலுசு வாங்கலாமா? குழந்தைக்கு?"

அவள் நாடாவை விட்டாள். கண்ணில் நீர் வரவில்லை. வராமல் பார்த்துக்கொள்ள அவளுக்கு ஆறு வருடப் பயிற்சி இருந்தது. முகத்தையும் குரலையும் அவள் பழக்கி வைத்திருந்தாள். விரலைப் பழக்கவில்லை, அதற்குத் தேவை வந்ததில்லை.

அன்று முழுக்க ஞானவேல் பேசிக்கொண்டே நெய்தார். புதன்கிழமை காலை வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே நெய்தார். மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் கடைசி இழை விழுந்தது. சேலையை அறுத்து, மடித்து, மஞ்சள் துணியில் சுற்றி அம்சவேணியிடம் கொடுத்துவிட்டு அவர் குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். நிலையத்துக்கு நடந்து போகையில், தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். எப்படியோ எல்லோருக்கும் நித்திலாவின் சாவு தெரிந்திருந்தது. எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் கையசைத்துக்கொண்டே போனார். அம்சவேணி ஒருவர் முகத்தையும் பார்க்காமல் பின்னால் நடந்தாள்.

நிலைய வாசலில் கறுப்புக் கார் ஒன்று சேலத்துப் பக்கம் முகம் திருப்பி நின்றது. டிரைவர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தான். மணி இரண்டு. இப்போது கிளம்பினால்கூட இருட்டுவதற்குள் போய்விடலாம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

உள்ளே, சேலை வாசிக்கும் பெண் ஷீலா. வெளியூர்க்காரி, வேலைக்கு வந்து ஒரு வருடம்தான். ஞானவேலைச் சின்னத் தறியில் உட்கார வைத்து நாலு விரற்கடை நெய்யச் சொன்னாள். கை பொருந்தியது. பிறகு சேலையைக் கண்ணாடிக்குக் கீழே ஓட விட்டாள். தனசேகர் ஓரமாக நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உடல் ரொம்ப நல்லா வந்திருக்குங்க. முழுக்க வெள்ளை. கடைசி ஒன்றரை முழம் மஞ்சள், சந்தோஷம். அளவுக்குள்ளதான் இருக்கு."

ஞானவேல் அம்சவேணியைப் பார்த்து, மாட்டிக்கொண்ட சிறுபிள்ளை போலச் சிரித்தார். அவள் வாயைத் திறந்து மூச்சு விட்டாள். இன்னும் ஒரு நிமிடம். முத்திரை விழுந்ததும் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போய்...

ஷீலா முத்திரையை எடுக்கவில்லை. திரையைப் பக்கத்தில் இழுத்து, மறுபடி ஓட விட்டுப் பார்த்தாள்.

"வலது கரை யார் போட்டது?"

"நான்தான்" என்றாள் அம்சவேணி. "கரையை மிஷின் பாக்குமா?"

"எப்பவுமே பாக்குங்க. ஒரே வீட்ல உக்கார்ற ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே தெரியாம இருக்கும், ரெண்டும் ஒண்ணாத்தான் வரும். அதனால தனியாச் சொல்ல வேண்டி வந்ததில்ல."

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். சேலையின் கடைசி ஒன்றரை முழம் அதில் நீண்டு கிடந்தது. உடல் இளமஞ்சள். அதை ஒட்டி, ஒரு இழைகூட விலகாமல், கரை முழுக்கச் சிவப்பு. நூலும் நூலும் பிடித்துத் திரும்பிய இடமெல்லாம் மஞ்சளும் சிவப்பும் பல்லுப் பல்லாகக் கோத்துக்கொண்டிருந்தன.

"நான் இந்த மாதிரி பாத்ததே இல்லங்க. சாதாரண வருத்தம் இல்ல இது. சாவுக்குத்தான் இப்படி வரும்." ஷீலா குரலைத் தாழ்த்தினாள். "சேலை யார் பேர்ல இருக்கோ அவங்க பேர்லதான் சிவப்பு ஏறும். இது ரெண்டாவது. மன்னிச்சிருங்க."

தனசேகர் கையிலிருந்த விதிமுறைப் புத்தகம் தரையில் விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

ஞானவேல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் கை போய்விட்டது என்பது அவருக்குப் புரிந்ததா என்று அம்சவேணிக்குத் தெரியவில்லை. அவர் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் கோபம் இருக்கும் என்று அவள் தயாராக இருந்தாள். கோபம் இல்லை.

"அம்சா, உங்க வீட்ல யாரு?"

அவள் வாசலில் நின்ற காரைப் பார்த்தாள்.

"ரெண்டு நாளா என் பக்கத்துல உக்காந்துக்கினு, நான் கொலுசு, குழந்தைன்னு பேசினதையெல்லாம் கேட்டுக்கினு இருந்தியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? சேலை போனாப் போவுது." அவர் அவள் கையைப் பிடித்து, அந்த விரல்களைத் தன் உள்ளங்கையில் வைத்து மூடினார். "வாசல்ல கார் நிக்குதே, உனக்காகத்தானா?"

"அண்ணா..."

"பேசாத. அழுகைய அடக்கிக்கினு பேசாத. துக்கத்துக்குத் தனியாப் போகக் கூடாது, நானும் கூட வர்றேன். நித்திலாவையும் புள்ளையையும் நாளைக்குப் பாத்துக்கலாம், அவங்க எங்க போயிடப் போறாங்க."

அவர் முன்னால் நடந்தார். வெயிலில் இறங்கி, காரின் கதவைத் திறந்து, அவள் ஏறுவதற்காகப் பிடித்துக்கொண்டு நின்றார்.